ஒரே பக்கம் பார்த்த நாய்கள்

மாட்டாஸ்பத்திரியில் டாக்டருக்கு மேஜை உண்டு, கம்பவுண்டருக்கு அலமாரி உண்டு, அட்டெண்டருக்கு நாயின் வாய்தான் உண்டு. அதை இறுக்கிப் பிடித்துக்கொள்வதே அவன் உத்தியோகம். எழுபதுகளில், தூத்துக்குடிப் புதுத் துறைமுகத்துக்கு லாரி லாரியாகக் கல் போய்க்கொண்டிருந்த காலத்தில், நான் அப்படி ஒரு தற்காலிக அட்டெண்டர். துறைத் தேர்வில் தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் பழையபடி உப்பளம். எட்டு வருடம் உப்புப் பாத்தியில் நின்று வெடித்த பாதங்கள் அப்போதுதான் ஆறத் தொடங்கியிருந்தன.

முப்பத்தாறு வயதில் மனப்பாடம் செய்ய உட்கார்ந்தவர்கள் உங்களில் இருந்தால் நான் விளக்க வேண்டியதில்லை. காலையில் படித்தது மத்தியானச் சோற்றோடு உள்ளே இறங்கிவிடும்.

மக்ரூன் பெட்டி

தேர்வில் மிருகத்தைத் தொட்டு உறுப்புகளைக் காட்ட வேண்டும். மாடும் ஆடும் எனக்குக் கை பழகியவை. நாய்தான் தகராறு. டாக்டர் தன் ஆங்கிலப் புத்தகத்தை ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரவல் தருவார். என் மனைவி ஞானம் பேக்கரியில் சொல்லிவைத்து, காலி மக்ரூன் பெட்டிகளை வாங்கி வந்தாள். அட்டையைச் சீட்டளவுக்கு வெட்டினேன். முன்பக்கம் நாயின் படம், அதில் ஓர் உறுப்பு மட்டும் சிவப்பு மையில். பின்பக்கம் அதன் தமிழ்ப் பெயர், கூடவே ஆங்கிலப் பெயரும் தமிழ் எழுத்தில். கேள்வி கேட்கப்போகிறவள் ஞானம் அல்லவா? மொத்தம் அறுபத்திரண்டு சீட்டு.

கண்டிப்பான வாத்தியார் அவள். ஒன்று தப்பினால் பத்தைத் திரும்பக் கேட்பாள். ஒருநாள் எல்லாச் சீட்டையும் தரையில் பரப்பி வைத்துப் பார்த்துவிட்டு, “எல்லா நாயும் இந்தப் பக்கமாத்தான் போகுது. ஒண்ணாவது திரும்பி வராதா?” என்று கேட்டாள். புத்தகத்தில் நாயின் தலை இடப்பக்கம் இருந்தது, நானும் அப்படியே வரைந்திருந்தேன். புத்தகத்தைவிட உனக்குத் தெரியுமோ என்று அதட்டினேன். அவள் சீட்டை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: “சரி, பரீட்சைக்கு வார நாய்கிட்டயும் சொல்லி வைங்க, இப்பிடியேதான் நிக்கணும்னு.”

ஒரு கை

சீட்டுக்கட்டு எப்போதும் என் சட்டைப்பையில் இருக்கும். கூட்டம் இல்லாத மத்தியானங்களில் கம்பவுண்டர் அருளப்பன் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக என் முன்னால் போடுவார். நான் பெயர் சொல்வேன். தப்பினால் தொடையில் தட்டிக்கொண்டு சிரிப்பார்.

ஒருநாள் ஆட்டுக்கு வயிற்றுப்போக்கு என்று வந்த ஒரு பெரியவர் கொஞ்ச நேரம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆட்டைத் தூணில் கட்டிவிட்டு, வேட்டியைச் சரிசெய்துகொண்டு எங்களோடு உட்கார்ந்துவிட்டார். அருளப்பனுக்குக் குறும்பு. அவருக்கும் ஏழு சீட்டு போட்டார். பெரியவர் அதை விசிறிபோல் விரித்துப் பிடித்தார், கண்ணருகே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார். கடைசியில் என்னைப் பார்த்துக் கேட்டார்: “அண்ணாச்சி, ராசாவையும் காணோம், ராணியையும் காணோம், எனக்கு மட்டும் எல்லாம் நாயாவே விழுதே?”

முழங்கால் சில்லு

தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஒரு லாஞ்சிப் படகு முதலாளி தன் நாயைக் காதுப் புண்ணுக்குக் கொண்டுவந்தார். நான் குனிந்து வாயைப் பிடிக்கப்போக, சட்டைப்பையிலிருந்து கட்டு சரிந்து விழுந்தது. அட்டையில் மக்ரூன் வாசம் அத்தனை நாளாகியும் போகவில்லை போலிருக்கிறது. நாய் ஒரு சீட்டைக் கவ்வி ஒரே விழுங்கில் முடித்துவிட்டது.

எண்ணிப் பார்த்ததில் முழங்கால் சில்லைக் காணோம். நாய்க்கு மை ஒத்துக்கொள்ளாமல் போனால் என்ன செய்வது என்று டாக்டரைக் கூப்பிட்டேன். நாய்க்கு ஏதாவது ஆகியிருந்தால் வேலை அன்றைக்கே போயிருக்கும். டாக்டர் நாயின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், வாயைத் திறந்து பார்த்தார், ஒரு மணி நேரம் இருக்கச் சொன்னார். நாய் வாலை ஆட்டிக்கொண்டு இன்னொரு சீட்டு கிடைக்குமா என்று என் சட்டைப்பையை முகர்ந்தது. டாக்டர் என் பக்கம் திரும்பினார்: “ஒண்ணும் ஆகாது வேய். பரீட்சையில முழங்காலைக் கேட்டா இவனையும் கூட்டிட்டுப் போவும்.”

வலப்பக்கம்

திருநெல்வேலியில் செய்முறைத் தேர்வு. மேஜைக்கு அந்தப்புறம் கட்டை மீசை வைத்த ஓர் அதிகாரி. இந்தப்புறம் சங்கிலியில் ஒரு பெரிய செவலை நாய். எனக்கு முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராக முகம் வாடி வெளியே வந்தார்கள்.

“மண்ணீரல் எங்க இருக்கு, காட்டுங்க.”

மண்ணீரல் சீட்டு கண்முன்னே வந்தது. சிவப்பு மை, விலா எலும்பின் ஓரம். ஆனால் சீட்டில் நாயின் தலை இடப்பக்கம். இங்கே தலை வலப்பக்கம்! அறுபத்தோரு சீட்டும் மண்டைக்குள் தலைகீழாகக் கொட்டின. பாதம் குறுகுறுத்தது, உப்புப் பாத்திக்குள் கால் வைத்ததுபோல. நாயைத் திருப்பி நிறுத்தலாம் என்றால், பழக்கமில்லாத நாயைச் சங்கிலி பிடித்து இழுக்கக்கூடாது என்பது வாய் பிடித்த கைக்குத் தெரியும்.

நாய் திரும்பாவிட்டால் நான்தானே திரும்ப வேண்டும்? கையை மூடி அதன் மூக்கருகே நீட்டினேன். முகர்ந்தது. மெதுவாக முன்பக்கமாகச் சுற்றி அதன் மறுபுறம் போனேன். அப்பாடா, என் சீட்டு! கடைசி விலா ஓரத்தில் இரண்டு விரலை வைத்தேன். அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்: “காலையில இருந்து எல்லாரும் நின்ன பக்கத்துலயே தொட்டுக் காட்டினாங்க. மண்ணீரல் இடப்பக்கம்னு தெரிஞ்சு சுத்தி வந்தது நீங்க ஒருத்தர்தான்.”

வீட்டில்

நான் மறுத்துப் பேசவில்லை. தேறியவர் பட்டியலில் அவர் என் பெயரை எழுதும்வரை பேனாவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு பஸ் ஏறினேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடுவரை நடந்தேன், பாதம் இருப்பதே தெரியவில்லை.

ஞானத்திடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். இடம் வலம் தெரிந்து போகவில்லை, படம்போல நாய் தெரியட்டும் என்றுதான் போனேன் என்று. சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “நாய் திரும்பலைன்னா என்ன, நீங்க திரும்பிட்டியல்லா.”

அவள் போய் ஒன்பது வருடமாகிறது. இன்றும் வழியில் வலப்பக்கம் காட்டி ஒரு நாய் நின்றால், அவசரமே இருந்தாலும் நான் அந்தப்புறமாகச் சுற்றித்தான் போகிறேன்.