முந்நூற்று எண்பது முப்பத்தெட்டான கதை

இதை எழுத உட்கார்ந்து எத்தனையோ முறை எழுந்து போயிருக்கிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் பங்கு விலையைப் பற்றி எழுதுவதா என்ற கூச்சம் ஒன்று. தங்கச்சி வாழ்கிற வீட்டு விஷயத்தை ஊரறியச் சொல்லலாமா என்ற பயம் இன்னொன்று. இப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன. போன ஆடியில் அம்மன் சந்நிதியில் நிற்கும்போது, எழுதிவிடு என்று மனசில் பட்டது. தங்கச்சியிடம் கேட்டேன். “எழுதுண்ணே. என்னயப் பாவம்னும் எழுதாத, கோவக்காரின்னும் எழுதாத. நடந்தத எழுது” என்றாள்.

நான் கோவில்பட்டியில் கடலை மிட்டாய்க் கடை வைத்திருக்கிறேன். எங்களுக்கு ஆடு மேய்ப்புதான் குடும்பத் தொழில். நான் மட்டும் சின்ன வயதில் டவுனுக்கு வந்து, ஒரு கடையில் பாகு காய்ச்சப் பழகி, பிறகு சொந்தமாகப் போட்டேன். தங்கச்சியை மணியாச்சிப் பக்கம் கட்டிக்கொடுத்தோம். வானம் பார்த்த கரிசல், கொஞ்சம் உளுந்து, ஒரு பட்டி ஆடு, ஒரே மகள்.

இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் இருக்கும். மழை ஏமாற்றிய ஒரு வருஷம் அவள் ஆடுகளை விற்றாள். பத்தொன்பதாயிரம் ரூபாயை என்னிடம் கொண்டுவந்து, “வீட்டுல இருந்தா கரைஞ்சு போகும். எங்கனயாவது போட்டு வையிண்ணே, பிள்ளைக்கு ஆகும்” என்றாள். என் கடைக்கு வந்து போகிற மதுரைக்காரர் ஒருவர் பங்கு வாங்கிக் கொடுக்கும் ஏஜெண்ட். அவர் ஒரு நூல் மில் கம்பெனியைச் சொன்னார். ஒரு பங்கு முந்நூற்று எண்பது ரூபாய். ஐம்பது பங்கு வாங்கினோம். ஏஜெண்டின் கூலியை என் கையிலிருந்து கொடுத்தேன். தங்கச்சி பெயரில் பத்திரம் வந்ததும் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டு அவளிடம் கொடுத்தேன். அத்தோடு அதை மறந்தும் போனேன்.

அவள் மகளுக்குக் கல்யாணமாகி, பேத்தி பிறந்து, காதுகுத்து வைத்தார்கள். மகளுக்குக் கூடப்பிறந்தவன் இல்லாததால் தாய்மாமன் முறைக்குப் பேத்தியை என் மடியில்தான் உட்கார வைத்தார்கள். சாப்பாடு முடிந்து எல்லோரும் பந்தலில் இருந்தபோது தங்கச்சி பத்திரத்தை எடுத்துவந்து தன் மருமகனிடம் நீட்டினாள். அவர் புதியம்புத்தூரில் ரெடிமேட் கம்பெனியில் துணி வெட்டுகிற மாஸ்டர். டீ குடிக்கிற நேரத்தில் போனில் பங்கு வாங்கி விற்கிறவர்.

“இதுக்கு இப்ப என்ன வெலன்னு பாருங்க மருமகனே. வித்துக் காட்டுல தண்ணிக்குப் போர் போடணும்.”

“மாமா மிட்டாயிலதான் இனிப்பு வப்பாரு. பங்குலயும் வச்சிருக்காரான்னு பாப்போம்” என்று அவர் சொல்ல, பந்தலே சிரித்தது. நானும் சிரித்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் முகம் மாறியது. “இன்னைக்கு வெல தொண்ணூறு. அம்பது பங்குக்கு நாலாயிரத்து ஐந்நூறு. மாமா, நீங்க என்ன வெலைக்கு வாங்குனீங்க?”

“முன்னூத்தி எம்பது.”

அவர் போனில் விலை ஏறி இறங்கியதைக் காட்டும் கோட்டுப் படத்தை விரலால் பின்னுக்கு இழுத்து இழுத்து, பத்திரத்தில் பதிந்திருந்த மாதத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். “இங்கன முப்பத்தெட்டுன்னுல்லா காட்டுது. அந்த வருஷம் முழுக்க நாப்பதத் தாண்டவே இல்ல. ஒரு சைபர் கூடப் போட்டுட்டீங்களா மாமா?”

அந்த விலையில் ஐம்பது பங்குக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம்தான் ஆகும். மிச்சம் பதினேழாயிரத்து நூறு எங்கே என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்காமல் என்னைப் பார்த்தார்கள். ஏஜெண்ட் சொன்ன விலை அதுதான் என்றேன். அவர் காலமாகிப் பல வருஷம் ஆகியிருந்தது.

“செத்தவியளச் சாட்சிக்குக் கூப்பிட்டா வரவா போறாவ?” என்று ஒரு குரல் பின்னாலிருந்து வந்தது. மறுபடியும் சிரிப்பு. இந்தத் தடவை என்னால் சிரிக்க முடியவில்லை.

கிளம்பும்போது தங்கச்சி என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். “அண்ணே, கடைக்கு எடுத்திருந்தா எடுத்தேன்னு சொல்லிரு. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்” என்றாள். அந்த வருஷம்தான் கடலை வறுக்க நான் மெஷின் வாங்கியிருந்தேன். அது அவளுக்கும் தெரியும்.

“நான் எடுக்கலட்டி.”

“அப்ப போன் பொய் சொல்லுதா?”

வீட்டுக்கு வந்து நானும் என் போனில் பார்த்தேன். வேறு வேறு இடத்தில் தேடிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் முப்பத்தெட்டு. கம்பெனியின் பழைய விலை என்றால் அன்றைக்குச் சந்தையில் நடந்த விலை, அது கல்வெட்டு மாதிரி மாறாது என்றுதான் நானும் நினைத்தேன். முதலில் ஏஜெண்டைச் சந்தேகப்பட்டேன். பிறகு, அவர் முப்பத்தெட்டு என்று சொன்னதை நான்தான் தப்பாகக் கேட்டேனோ என்றும் தோன்றியது. பாகு பதம் தப்பிக் கருகுகிற வாசனை வந்தும் நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறேன். ‘தாயே, நான் எடுத்தேனா இல்லையா, நீயாவது சொல்லு’ என்று கும்பிட்டிருக்கிறேன். செய்யாத காரியத்துக்கு ஒருவன் தன்னையே சந்தேகப்படுவது எவ்வளவு பெரிய நரகம் என்று அப்போதுதான் தெரிந்தது.

கடைசியில் என் வீட்டுக்காரியிடம் கலந்து பேசி, பதினேழாயிரத்து நூறைக் கொண்டுபோய்த் தங்கச்சி முன்னால் வைத்தேன். அவள் தொடவில்லை. “எடுக்கலன்னா எதுக்குத் தார? எடுத்தேன்னு சொல்லிட்டுத் தா, வாங்கிக்கிடுதேன்” என்றாள். அப்படிச் சொல்ல என் நாக்கு எழவில்லை. பணத்தோடு திரும்பினேன்.

அடுத்த வாரம் என் வீட்டுக்காரி சந்தையிலிருந்து வந்து, பையைக்கூட இறக்காமல் சொன்னாள்: “இந்தாங்க, உங்க தங்கச்சி காசு வெட்டிப் போட்டுட்டாவளாம்.”

எங்கள் பக்கத்தில் நியாயம் கிடைக்காதவர்கள் செய்வது அது. ஒரு நாணயத்தைச் சாமிக்கு முன்னால் இரண்டாக வெட்டிப் போட்டு, ‘என்னை ஏமாத்துனவங்கள நீயே பாத்துக்கோ’ என்று ஒப்படைத்துவிடுவார்கள். அதன்பின் அந்த இரண்டு வீட்டுக்கும் நடுவே பேச்சு கிடையாது, ஒரு வாய் தண்ணீர்கூடக் கிடையாது. அவள் வெட்டிப் போட்டது எங்கள் பிறந்த ஊர்க் காளியம்மன் கோவிலில். எனக்கும் அவளுக்கும் முதல் மொட்டை போட்ட சந்நிதி.

நடுவில் எங்கள் அம்மா இறந்துபோனார்கள். என் வீட்டில்தான் கிடத்தியிருந்தோம். தங்கச்சி நல்ல வெயிலில் வந்து அழுதாள். அழுது அழுது தொண்டை கட்டிவிட்டது. நான் செம்பில் தண்ணீர் கொண்டுபோய் நீட்டினேன். அவள் செம்பையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. அம்மாவை எடுத்து முடிந்ததும் அப்படியே பஸ் ஏறிவிட்டாள். சாமி கோபத்தை விட அந்த நிறை செம்பைத்தான் நான் அதிகம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருஷம் போனது. ஒரு நாள் மத்தியானம் அந்த மருமகன் என் கடை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

“மாமா, தீபாவளிக்கு நான் ஒரு கம்பெனில பத்துப் பங்கு வாங்கினேன். ஒரு பங்கு ஆயிரத்து எரநூறு. என் கையால வாங்குனது. இன்னைக்கு அந்தத் தேதி வெலயப் போய்ப் பாத்தா நூத்தி இருபதுன்னு காட்டுது மாமா.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் போனை நீட்டினார். அவரிடம் இருந்த பத்துப் பங்கு நூறாகியிருந்தது. அந்தக் கம்பெனி ஒரு பங்கைப் பத்தாக உடைத்துவிட்டதாம். அப்படி உடைத்தால், இன்றைய விலையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பழைய விலைகளையும் பத்தால் வகுத்து மாற்றிப் போட்டுவிடுவார்களாம். இல்லாவிட்டால் உடைத்த அன்றைக்கு விலை அதலபாதாளத்தில் விழுந்த மாதிரி படத்தில் தெரியுமாம். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட கையோடு தங்கச்சியின் நூல் மில்லையும் பார்த்திருக்கிறார். அதுவும் பல வருஷத்துக்கு முன்பே பத்தாக உடைந்ததுதான். கோட்டுப் படத்தின் அடியில் பொடியாக ஒரு குறி இருந்தது. அதைத் தொட்டால் உடைத்த தேதி வருகிறது. அன்றைக்குப் பந்தலில் யாரும் அதைத் தொடவில்லை.

“அப்ப முன்னூத்தி எம்பது?”

“நெசம் மாமா. அத்தைக்கு இருக்கது அம்பது பங்கு இல்ல, ஐந்நூறு. புதுப் பத்திரம் உங்க பழைய விலாசத்துக்குப் போய்த் திரும்பியிருக்கணும். சைபர மாமா தின்னுட்டாருன்னு ஊரெல்லாம் சொன்னேன். அந்தச் சைபர் பங்குக் கணக்குலல்லா இருக்கு.”

பலகையில் பரப்பிய மிட்டாயைக் கத்தியால் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். மேலே போட முடியவில்லை. “உள்ள வாங்க மருமகனே” என்றேன். “வர முடியாது மாமா. மொதல்ல காசுக்கு ஒரு வழி பண்ணுவோம்” என்றார். வெட்டிய காசின் பயம் அவருக்கும் இருந்திருக்கிறது.

வெட்டிய காசை மீட்டு வழக்கைத் திரும்ப வாங்க, நானும் தங்கச்சியும் சந்நிதியில் ஒன்றாகப் போய் நிற்க வேண்டும். தங்கச்சி வெட்கப்பட்டு நாள் கடத்தினாள். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை வந்தாள். பூசாரி ஆளுக்கொரு முழுக் காசைக் கையில் கொடுத்து, மனசில் உள்ளதைச் சொல்லிப் போடச் சொன்னார். அவள் சத்தமாகவே சொன்னாள்: “தாயீ, எங்கண்ணன் சொன்னதும் நெசம், நான் கண்ணால கண்டதும் நெசம். நடுவுல இருந்தது எங்க ரெண்டு பேருக்கும் தெரியல. அவன விட்டுரு.”

திருநீறு பூசிக்கொண்டு வெளியே வந்ததும் கோவில் குழாயில் செம்பு நிறையத் தண்ணீர் பிடித்து நீட்டினேன். முழுவதையும் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, “அம்மா செத்தன்னைக்கும் தாகமாத்தாண்ணே இருந்துச்சு” என்றாள்.

அந்தப் பங்குகளை அவள் பெயருக்கு மீட்க இன்னும் அலைந்துகொண்டிருக்கிறோம். அது என்றைக்காவது வரும். அம்மா செத்த நாள் இனி வராது.

ஒரு கம்பெனியின் பழைய விலையைத் தேடுகிறவர்கள், அது அன்று கைமாறிய விலைதானா, பின்னால் திருத்திய விலையா என்று பார்த்துவிட்டு வாயைத் திறவுங்கள். இதைப் படித்தவர்கள் உங்கள் வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்லுங்கள். சொல்லும்போது எதையும் மாற்றாதீர்கள். முந்நூற்று எண்பதை முந்நூற்று எண்பது என்றே சொல்லுங்கள், அது பிறகு பத்தாக உடைந்ததையும் கூடவே சொல்லுங்கள். மருமகனை வில்லன் ஆக்க வேண்டாம், என்னைப் புண்ணியவான் ஆக்க வேண்டாம். தங்கச்சி தாகத்தோடு பஸ் ஏறியதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.