களத்தில் போட்ட டவுன்

இரண்டாயிரத்து மூன்றில் மழை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அரியூர் நாட்டு மலைக்கிராமத்தில் குச்சிக்கிழங்கு மண்ணுக்குள்ளேயே வதங்கியது. குடும்பம் குடும்பமாகக் கேரளத்து எஸ்டேட்டுக்குப் பஸ் ஏறினார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் அம்சவேணி டவுன் கட்டக் கிளம்பினாள்.

கோயமுத்தூரில் பல வருஷம் சித்தாள் வேலை பார்த்தவள். கட்டடம் எழும்புமுன் தரையில் சுண்ணாம்புக் கோடு போடுவார்கள் அல்லவா, அதையே அவளும் செய்தாள். காயவைக்கக் கிழங்கில்லாமல் வெறுமனே கிடந்த பொதுக்களத்தில், இது பஸ் ஸ்டாண்டு, இது ஆஸ்பத்திரி, இது தெரு, வீட்டுக்கு வீடு பைப்பு என்று கோடு கோடாக இழுத்தாள். பசியில் புத்தி பேதலித்துவிட்டதென்று ஊர் சிரித்தது. ஊருக்குச் சிரிக்க மட்டும் எப்போதும் தெம்பு இருக்கும்.

அவள் எண்ணமோ வேறு. மேலே காட்டில் பாறை சரிந்து மூடிய ஊற்று ஒன்று கிடந்தது. அதைத் திறந்து வாய்க்கால் வெட்ட ஆள் வேண்டும். வெறும் ஊற்றுக்காக யாரும் தங்கவில்லை. டவுன் என்றதும் சிரித்தவர்களே கூடிவிட்டார்கள். ஆஸ்பத்திரி தன் வீட்டுப் பக்கம்தான் வரவேண்டும் என்று ஊர்ப் பெரியவர் குழந்தைசாமி மல்லுக்கே நின்றார்.

ஆனால் பாறை உடைக்க ராசுவை விட்டால் ஆளில்லை. அவனும் அவன் மனைவி அத்தாயியும் ஒருநாள் மூட்டையோடு பஸ்ஸுக்கு வந்தார்கள். அம்சவேணி களத்து ஓரத்தில் வந்து நின்றாள். இவன் போனால் ஊற்றும் போச்சு, ஊரும் போச்சு.

களத்தைத் தாண்டித்தான் ரோடு. குறுக்கே நடந்தால் நாலு எட்டு. ராசுவோ ஒரு வீட்டுச் சுவரையும் மிதிக்காமல், கோட்டுத் தெரு வழியாகவே வளைந்து வளைந்து நடந்தான். பாதியில் நின்றான்.

"ஏனுங்க அக்கா, எங்க ஊடு எங்கீங்க?"

"போறவனுக்கு எதுக்கு சாமி ஊடு?"

ராசுவின் முகம் சுருங்கிவிட்டது. "பொறந்த ஊர்ல எனக்கொரு எடம் இல்லீங்களா?"

"தண்ணி வந்தாத்தான் ஊடு. தண்ணி பாறைக்கு அடியில கெடக்குது."

அத்தாயி மூட்டையை இறக்கினாள். "மூலை ஊடாப் போடுங்க, இருக்கறோம்" என்றாள்.

பஸ் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

ராசு தங்கிவிட்டான் என்றதும் மற்றவர்களும் மண்வெட்டியோடு காட்டுக்கு ஏறினார்கள். பாறை பிளந்த அன்று தண்ணீர் சேறும் சருகுமாக இறங்கி, வாய்க்காலை மீறி நேரே களத்துக்குள் புகுந்தது. பஸ் ஸ்டாண்டு கரைந்தது. ஆஸ்பத்திரியும் கரைந்தது. அம்சவேணி அந்தச் சேற்றில் நின்று வாய்விட்டுச் சிரித்தாள், கண்ணில் நீர் முட்டியது.

அத்தாயி தன் மூலை வீடு இருந்த இடத்தில் குடத்தை அமுக்கி நிரப்பினாள்.

"பாருங்க, மொதத் தண்ணி எங்க ஊட்டுக்குத்தானுங்க."