மருதம்மாள் அக்கா சொன்ன லைன்

மருதம்மாள் அக்கா மேல் எனக்கு ஒன்பது வருசக் கோபம். மறைக்க ஒன்றுமில்லை. ஊருக்கே தெரியும், அவருக்கும் தெரியும்.

ஒன்பது வருசத்துக்கு முன்னால் ஒரு போன் கம்பெனி ஆள் டவர் வைக்க இடம் தேடி எங்கள் பக்கம் வந்தான். கரங்கான் டவுனிலிருந்து செம்பனைத் தோட்டத்துக்குள் ஐந்து கிலோமீட்டர் மண் ரோட்டில் வந்தால் எங்கள் வீடுகள். மொத்தம் பதினோரு குடும்பம். அக்காவின் ஒன்றரை ஏக்கர் ரோட்டோரம், கொஞ்சம் மேடு, கரண்டு கம்பியும் பக்கத்தில். அவனுக்குத் தோதான இடம் அது ஒன்றுதான். அக்கா வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஏன் என்று சொல்லவில்லை. அவனும் அதற்குப் பிறகு திரும்பி வரவில்லை.

அடுத்த மாசம் கூலிமில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிப்ட் ஓட்டும் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தேன். நாலு தடவை எனக்குப் போன் அடித்திருக்கிறார்கள். இங்கே ஏது லைன்? கரங்கானுக்குப் போய் நான் பார்த்தபோது வேலை வேறொருத்தனுக்குப் போய்விட்டது. அன்றைக்கு ஓட்டிய செம்பனைக்குலை லோரியைத்தான் இன்றைக்கும் ஓட்டுகிறேன். அக்காவோடு பேச்சை நிறுத்தினேன். என் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் இருநூறு அடிதான்.

அவர் கதை பாதி எனக்குப் பிற்பாடுதான் தெரியும். புக்கிட் செலம்பாவ் பக்கம் ஒரு பால்மரத் தோட்டத்தில் பிறந்தவர். பதினாலு வயசில் பால்வெட்டக் கத்தி பிடித்தார். அந்தத் தோட்டம் கை மாறியபோது அவரும் வீட்டுக்காரர் முனியாண்டியும் இங்கே வந்து ஒரு சீனருடைய துண்டுத் தோட்டத்தில் இருபது வருசம் வேலை பார்த்தார்கள். சீனர் கடைசியில் விற்றபோது, பழைய ஆறு கதவு லைனோடு இந்த ஒன்றரை ஏக்கரை வாங்கினார்கள். முனியாண்டி அண்ணன் காலமான பிறகு அக்கா மட்டும் அதில் ஒரு கதவில் இருந்தார். மற்ற ஐந்து வீடும் வௌவாலுக்கு.

ஜொகூரில் இருக்கும் மகள் நளினிதான் அதை ஹோம்ஸ்டே ஆக்கச் சொன்னது. அக்கா சுவரை மஞ்சள் அடித்தார். கட்டில், கொசுவலை, குளிக்கிற இடத்துக்கு டைல். டிவி கிடையாது. நாட்டுக்கோழிக் குழம்பு, மரவள்ளிக்கிழங்கு, விடிகாலையில் கோப்பி. கோலாலம்பூர், கிள்ளான் பக்கமிருந்தெல்லாம் வர ஆரம்பித்தார்கள். புதன், சனி காலையில் அக்கா கரங்கான் பசாருக்குப் போவார். அங்கேதான் அவர் போனுக்கு உயிர் வரும். மீன் வாங்கிக்கொண்டே இடம் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வார்.

லைன் இல்லாத இடத்துக்கு ஆள் எப்படி வருகிறார்கள் என்று ஷம்சுதீன் தேத்தண்ணிக் கடையில் பெரிய பேச்சு. காட்டுக்கு வருகிறவனுக்கு எதற்கு இண்டர்நெட், கொசு கடித்ததை உலகத்துக்குக் காட்டவா என்று ஷம்சுதீன் கேட்பார். நான் எதிர்ப் பக்கம் பேசுவேன். லீவு போட்டது அவன் மட்டும்தான், அவனைத் தேடுகிற ஆட்கள் லீவு போடவில்லை என்பேன். அக்கா மேல் இருந்த கோபத்தில் பேசினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கண்ணால் பார்த்ததையும் சொல்ல வேண்டும். வந்தவர்கள் முதல் நாள் போனை வானத்துக்குத் தூக்கித் தூக்கிப் பார்ப்பார்கள். இரண்டாம் நாள் அது பைக்குள் போய்விடும். மூன்றாம் நாள் போக மனசில்லாமல் காடியில் ஏறுவார்கள்.

போன ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானத்திலிருந்து விடாத மழை. நான் கொட்டகையில் மோட்டார் சைக்கிளுக்குச் செயின் மாட்டிக்கொண்டிருந்தேன். அக்கா மழையோடு வந்து நின்றார். காலில் செருப்பு இல்லை. பின்னால் கிள்ளானிலிருந்து வந்திருந்த சத்தியசீலன், அவர் மகள் ஷாமளா. பெண்ணுக்குப் பத்தொன்பது வயசு இருக்கும். முகத்தில் ரத்தமே இல்லை.

விசயத்தைச் சத்தியசீலன்தான் சொன்னார். பெண்ணுக்குப் பல்கலைக்கழகத்தில் முதல் தடவை இடம் கிடைக்கவில்லை. மேல்முறையீடு போட்டிருந்தார்கள். முடிவு புதன்கிழமை வரும், அதுவரை வீட்டில் உட்கார்ந்து நகத்தைக் கடிக்க வேண்டாம் என்று வெள்ளிக்கிழமை காலையில் இங்கே கூட்டி வந்துவிட்டார். முடிவு அந்த வெள்ளிக்கிழமை மத்தியானமே வந்துவிட்டது. இது தெரியாமல் மூன்று நாள் கோழிக்குழம்பு சாப்பிட்டிருக்கிறார்கள். இன்றைக்கு அவர் ஐஸ் வாங்கக் கரங்கான் போனபோது போன் கத்தித் தீர்த்திருக்கிறது. மழையில் ஓட்டுகிறோமே என்று பார்க்கவில்லை. திரும்பி வந்து துவட்டிக்கொண்டு எடுத்துப் பார்த்தால் பெண்ணுடைய டீச்சர் மூன்று தடவை எழுதியிருக்கிறார். ஞாயிறு ஐந்து மணிக்குள் இண்டர்நெட்டில் போய் ஏற்றுக்கொள்ளாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்கு.

அப்போது மணி மூன்று ஐம்பது. காடியைத் திருப்பிக்கொண்டு ஓடியிருக்கிறார். கரங்கான் ரோட்டில் பள்ளத்துப் பாலத்துக்கு மேல் இடுப்பளவு தண்ணி.

சொல்லி முடித்ததும் மனிதர் அக்கா பக்கம் திரும்பினார்.

"நான் போன்ல கேட்டேனா இல்லையா? அங்க லைன் இருக்கான்னு கேட்டேன். இருக்கு, நல்ல லைன், தைரியமா வாங்கன்னு சொன்னீங்க."

அக்கா கையை நீட்டித் தன் வீட்டைக் காட்டினார். மஞ்சள் சுவர், ஆறு கதவு, ஒரே கூரை.

"இதோ இருக்கே. இதுதானே லைன்."

சத்தியசீலன் டவுனில், தாமான் குடியிருப்பில் பிறந்து வளர்ந்த ஆள். அவருக்கு லைன் என்றால் போனில் நிற்கும் கோடு. தோட்டத்தில் பிறந்த அக்காவுக்கு லைன் என்றால் வரிசை வீடு. புது வீடா, பழைய லைனா என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு, இவரும் அப்படித்தான் கேட்கிறார் என்று அக்கா நினைத்திருக்கிறார். வேறு நாளாக இருந்தால் நான் சிரித்திருப்பேன். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சிரிக்க முடியவில்லை.

லைன் கிடைக்கிற இடம் எங்கள் பக்கம் ஒன்றே ஒன்று. பன்னிரண்டாம் நம்பர் மலை உச்சியில் தோட்டத்துத் தண்ணி டாங்கி. பாலத்தைத் தாண்ட வேண்டியதில்லை. ஆனால் சிவப்பு மண் ஏற்றம், மழையில் காடி ஏறாது. மோட்டார் ஏறும், வழி தெரிந்தவன் ஓட்டினால். அதற்குத்தான் அக்கா ஒன்பது வருசம் கழித்து என் கொட்டகைக்கு வந்திருந்தார்.

என் வாயும் சும்மா இருக்கவில்லை. டவர் வேண்டாம்னு சொன்னது யாரு என்று ஆரம்பித்தேன்.

"பேசறதெல்லாம் வந்து பேசு தம்பி. இப்ப மோட்டார எடு."

எடுத்தேன். பெண் பின்னால் ஏறி உட்கார்ந்தது. கிளம்பப் போகிற நேரத்தில் அக்கா சத்தியசீலன் கையிலிருந்த போனைப் பிடுங்கி, ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி, என் சட்டைப் பைக்குள் திணித்தார். அவள் போன் போதுமே என்று அவர் தடுத்தார். அக்கா விடவில்லை. தான் கிளினிக்குக்குப் போக வேண்டுமானால் பதிவு நம்பர் ஜொகூரில் நளினி போனுக்குத்தான் வருமாம், இங்கே முட்டி வலியோடு இவர் காத்துக்கிடப்பாராம். எந்த நம்பர் யார் போனுக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும், இரண்டும் போகட்டும் என்றார்.

வழியெல்லாம் வழுக்கல். வெட்டிப் போட்ட மட்டைகள் ரோட்டில் மிதந்தன. இரண்டு இடத்தில் பெண்ணை இறக்கிவிட்டு வண்டியைத் தள்ளினேன். பாதி மலையில் தோட்டத்து கேட். ஞாயிற்றுக்கிழமை, பூட்டு. காவலுக்கு நிற்கும் ஜாகா ஆளைக் காணோம். பக்கத்தில் மழைத்தண்ணி ஓடும் கானுக்குக் குறுக்கே ஒரு பலகை கிடந்தது. மோட்டாரை அதன் மேல் உருட்டிக் கொண்டுபோனபோது பின் சக்கரம் வழுக்கிக் கானுக்குள் இறங்கிவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் முட்டிவரை சேற்றில் நின்று தூக்கினோம். அந்தப் பெண் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தது. சாமி கும்பிடுகிறது என்று நினைத்தேன். அப்புறம்தான் காதில் விழுந்தது, அடையாளக் கார்டு ஐசி நம்பர். மறந்துவிடுமோ என்ற பயத்தில் தன் ஐசி நம்பரையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது.

டாங்கிக்குப் போய்ச் சேர்ந்தபோது நாலு முப்பத்திநாலு. பெண்ணின் போனில் ஒரு கோடு. பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. டாங்கியில் இரும்பு ஏணி உண்டு. கேட்காமலே ஏறிவிட்டது. நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டேன். ஆறாவது படியில் இரண்டு கோடு.

"கெடச்சிருக்கு அங்கிள்" என்றது. மருந்தாளர் படிப்பு. ஏற்கிறேன் என்ற இடத்தை அழுத்தியது. நான் மூச்சு விட்டேன். விட்டிருக்கக் கூடாது.

பதிந்துவைத்த நம்பருக்கு ஆறு இலக்கம் அனுப்பியிருக்கிறோம், மூன்று நிமிசத்துக்குள் போடுங்கள் என்று வந்ததாம். பதிந்துவைத்தது அப்பா நம்பர்.

சட்டைப் பையிலிருந்து எடுத்தேன். அது வேறு கம்பெனி லைன். ஒரு கோடுகூட இல்லை. டாங்கியைச் சுற்றி ஓடினேன். கையைத் தூக்கிக்கொண்டு, அக்கா வீட்டுக்கு வருகிறவர்கள் முதல் நாள் செய்வதை ஐம்பத்திரண்டு வயசில் நான் செய்தேன். மூன்று நிமிசம் போனது. பெண் மறுபடி கேட்டு அனுப்பியது. நாலு ஐம்பத்துமூன்று. கிழக்குப் பக்கம் வேலியோரம் ஒரு கோடு வந்தது, போனது. வேலிக்கு வெளியே ஒரு கரையான் புற்று. அதன் மேல் ஏறி நின்றேன். போன் என் கையில் துடித்தது. டீச்சர், சித்தி, யார் யாரோ அனுப்பியதெல்லாம் வந்து கொட்டின. கடைசியாக அந்த ஆறு இலக்கம். என் கண்ணுக்கு அது ஒன்றா ஏழா தெரியவில்லை. கண்ணாடி வீட்டில். போனைத் தூக்கிக்கொண்டு ஓடி, ஏணியில் நாலு படி ஏறிக் கொடுத்தேன்.

நாலு ஐம்பத்தைந்துக்குப் பெண் போட்டது. பக்கம் சுற்றியது. நின்றது. ஏற்றுக்கொண்டாயிற்று என்று வந்தது. பெண் ஏணியிலேயே தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதது. நான் ஏணியைப் பிடித்தபடி நின்றேன். எனக்கு வேறென்ன தெரியும்.

நாங்கள் இறங்கி வந்தபோது அக்கா அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். சத்தியசீலன் பெண்ணைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அப்புறம் அக்காவிடம், என்ன இருந்தாலும் நீங்கள் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும் என்றார். என் தப்புதான் என்றார் அக்கா. அவர்கள் அறைக்குப் போனார்கள்.

"இப்பப் பேசு" என்றார் என்னிடம்.

ஒன்பது வருசமாக மனசுக்குள் அடுக்கிவைத்திருந்ததைச் சொன்னேன். நினைத்த அளவுக்கு நீளமாக இல்லை. அக்கா கேட்டுக்கொண்டார். பழைய தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஒரு பேப்பரை நீட்டி, பேர்ப்பதிவு, கையெழுத்துப் போடு என்றானாம். போட்டாராம். அது வீட்டைக் காலி செய்யச் சம்மதம் என்று எழுதின பேப்பர். டவர்காரன் இங்கிலீசில் பத்துப் பக்கம் நீட்டியபோது கை வரவில்லை.

"உன்னைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லியிருக்கலாம். வெக்கமா இருந்துச்சு."

கூப்பிட்டிருந்தாலும் என்ன செய்திருப்பேன். நான் பள்ளிக்கூடத்தில் ஆறாம் ஆண்டோடு நின்றவன். இங்கிலீஸ் பேப்பரைப் பார்த்து, சரியாத்தான் இருக்கு, போடுங்க என்று சொல்லியிருப்பேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

மழை விட்டிருந்தது. அக்கா வீட்டுக்குள் போய் நாள்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்துக்கொண்டு வந்தார். பின்னால் ஒரு போன் நம்பர். பாக்கார் ஆராங்கிலிருந்து ஆறு பேர் செவ்வாய்க்கிழமை வருகிறார்களாம், அவர்களும் லைன் இருக்கா என்று கேட்டார்களாம், இவர் இருக்கு என்றாராம்.

"நான் பசாருக்குப் போறது புதன்கிழமைதான், அதுக்குள்ள அவங்க வந்துடுவாங்க. நாளைக்குக் காலையில டாங்கிக்கிட்ட போய் நீ போன் பண்ணு. லைன்ங்கிற வார்த்தையே பேசாத. போன் வேல செய்யாது, இண்டர்நெட் கெடையாது, அவசரம்னா மலை ஏறணும்னு சொல்லு. வர்லன்னு சொன்னா சரின்னு சொல்லிடு. உன் கொரல்ல சொல்லாத தம்பி, கொஞ்சம் மெதுவாச் சொல்லு."