மூன்று முறை தட்டிய கட்டளை

அந்தச் சாயப்பட்டறையில் ஒவ்வொரு மெஷினுக்கும் பக்கத்தில் ஒரு கன்ட்ரோலர் பெட்டி இருந்தது. அதில் கோளாறு வந்தால், அதைச் சரிபார்க்கும் வேலையிலிருந்த நான் லேப்டாப்பை சீரியல் கேபிளால் இணைத்து, கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்ட வேண்டும். கேபிள் குட்டையானது. நீராவியிலும் சாய நெடியிலும் மெஷின் பக்கத்திலேயே நின்றாக வேண்டும். மெஷின்களைப் பராமரிக்கும் பிட்டர் அண்ணன், பனியன் வேஸ்ட் துணியை மடித்து என் லேப்டாப்புக்கு அடியில் வைப்பார்.

ஒரு வருஷம் பொறுத்தேன். பிறகு முதலாளியை நச்சரித்து எல்லாப் பெட்டிகளையும் நெட்வொர்க்கில் இணைத்தேன். ஏசி அறையிலிருந்தே எந்த மெஷினையும் ஓட்டலாம் என்றானதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. இனி உங்கள் வேக்காட்டுக்குள் வரமாட்டேன் என்று அண்ணனைக் கேலி செய்தேன்.

ஒரு நாள் காலை நாலாம் நம்பர் மெஷின் நிறுத்தப்பட்டிருப்பதாகத் திரை சொன்னது. யார் நிறுத்தினார்கள், எதற்கு என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அந்த நிறுத்தத்தை நீக்கிவிட்டு, உள்ளே துணியை இழுக்கும் உருளையைச் சுற்றச் சொன்னேன். ஓகே என்று பதில் வந்தது. வேகம் மட்டும் பூஜ்யத்திலேயே நின்றது. மறுபடி தட்டினேன். மூன்றாவது முறை எரிச்சலோடு தட்டினேன். பிறகு பழைய கேபிளைத் தேடி எடுத்துக்கொண்டு கீழே போனேன்.

மெஷினின் வாயிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அண்ணன் இடுப்புவரை உள்ளே நுழைந்து, உருளையில் சிக்கிய துணியை வெட்டிக்கொண்டிருந்தார்.

அவர் வெளியே வந்ததும் நான் செய்ததைச் சொன்னேன். பக்கத்துப் பேனலில் உருளை மோட்டாருக்குக் கரண்ட் போகும் மூன்று பியூஸ் கட்டைகளும் இல்லாததை அப்போதுதான் பார்த்தேன். நல்லவேளை, அதைக் கழட்டி வைத்தீர்களே என்று அழுதுவிட்டேன்.

அவர் முகம் வெளுத்துப்போயிற்று. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்தார்.

“எனக்கோசரம் கழட்டலீங்க அம்மிணி. எப்பவும் ஸ்டாப் பட்டன அமுக்கிட்டுத்தானுங்க உள்ள எறங்குவேன். ஏழாம் நம்பர்ல பியூஸ் போயிருச்சுன்னு, இதுல இருக்கறத எடுத்து அங்க மாட்டுனேனுங்க.”

வருஷங்கள் ஓடிவிட்டன. இப்போது வீட்டிலிருந்தபடியே மூன்று ஊர் மெஷின்களுக்குள் நுழைகிறேன். ஓட்டுவதற்கு முன் அங்கே யாருக்காவது போன் செய்து, உள்ளே குனிந்து பார்க்கச் சொல்கிறேன். யாருமில்லீங்க என்று பதில் வந்த பிறகும் சில நாள் விரல் நகர மறுக்கிறது. லேப்டாப்பை மூடிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு நேரிலேயே போய்விடுகிறேன்.