தலைகீழ்ச் சைக்கிளில் பாடிய கசெட்

போர் நடந்த அந்த நாட்களில் கோப்பாயில் மின்சாரம் இல்லை. வீட்டார் எல்லோரும் கொழும்புக்குப் போய்விட, வீட்டைப் பார்த்துக்கொள்ள நான் மட்டும் இருந்தேன். ஜெர்மனியிலிருந்து அண்ணை அனுப்பிய ஒரு கசெட்தான் துணை. அட்டையில் இடிந்த கோட்டை; உள்ளே தேவாலய மணியும், பழங்காலத் துறவிகள் ஓதுவது போன்ற குரல்களும், மொழி புரியாத ஒரு பெண்ணின் பாட்டும். அதிலிருந்த இருட்டு எனக்குப் பிடித்திருந்தது.

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றினால், டைனமோவின் மின்சாரத்தில் கசெட் பாடும். ஒரு பின்னேரம் கை சோர்ந்து வேகம் குறைய, அந்தப் பெண்ணின் குரல் இழுபட்டு ஒப்பாரியாகிவிட்டது.

பக்கத்து வீட்டு அக்கா தலைவிரிகோலமாக ஓடிவந்தார். கிளாலியில் கடலேரியைக் கடக்கப் படகேறிய அவருடைய கணவர் திரும்பவேயில்லை, உடலும் கிடைக்கவில்லை. இரண்டு வருடமாக வேலிக்கு இந்தப் பக்கம் இருந்தும், நான் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

“ஆர் தம்பி செத்தது?”

“ஒருத்தரும் இல்லை அக்கா. இது பாட்டு.” வெட்கத்தில் கையை எடுத்தேன்.

“நிப்பாட்டாதையும். அவருக்கு நாங்கள் செத்தவீடு செய்யேல்லை.”

மெதுவாகவே சுற்றினேன். அவர் நிலத்தில் குந்தியிருந்து, நெஞ்சில் அடித்து அழுதார். கசெட்டின் ஒரு பக்கம் முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பெடலைத் தன் கையில் வாங்கினார்.

“இனி நான் சுத்திறன். நீர் இருந்து கேளும்.”

அதற்குப் பிறகு நல்ல கருவிகளில், சரியான வேகத்தில், அந்தப் பாட்டை எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். அன்று எனக்கு வந்த அழுகை ஒரு தடவைகூட வரவில்லை.