ஒரு மிளகுக் கொடியின் விலை

சென்ற ஆண்டு ஏப்ரல் ஐந்தாம் தேதி, சனிக்கிழமை, காலை ஒன்பது நாற்பது. வெயில் இல்லை. சேர்வராயன் மலை முழுக்க மேகம் இறங்கி நின்றது. முந்தாநாள் பெய்த மழை எங்கள் வீட்டு மழைமானியில் ஐம்பத்திரண்டு மில்லிமீட்டர். அன்று பிற்பகலும் மழை உண்டு என்று கைப்பேசி சொன்னது. எதையும் எண்ணி, எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு.

ஏற்காட்டிலிருந்து கொட்டச்சேடு போகும் பக்கத்தில் எங்களுக்கு இரண்டே முக்கால் ஏக்கர் காபித் தோட்டம் இருக்கிறது. வீட்டிலிருந்து மண்பாதையில் இரண்டு கிலோமீட்டர் முன்னூறு மீட்டர். இடுப்பில் அறுவைச் சிகிச்சை ஆன பிறகு என் மனைவி நான்கு வருடமாக அங்கே போகவில்லை. கிணற்றோரத்து மூன்று வரிசை, நூற்றுப் பதினான்கு செடிகள், அவள் தன் கையால் நட்டவை.

காபி பூப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கோடையின் முதல் நல்ல மழை விழுந்து ஒன்பது, பத்து நாளில் மொட்டெல்லாம் ஒரே காலையில் விரியும். மூன்றாம் நாள் பழுப்பாகிவிடும். பூத்த அன்றே மழை பிடித்தால் அதுவும் கிடையாது. வருடா வருடம் நான் கைப்பேசியில் படம் எடுத்து வந்து காட்டுவேன். "வாசம் வருதுங்களா இதுல?" என்று கேட்டுவிட்டு அவள் திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

அதற்காகத்தான் எழுபத்தொரு வயதில் ஒரு பழைய நாலு சக்கர பைக் வாங்கினேன். கரடுமுரடான இடங்களில் ஓட்டுவதற்கென்றே செய்த வண்டி அது. ரோட்டில் ஓட்ட அனுமதி இல்லை. தோட்டப் பாதைக்கு மட்டும்தான். ஆழமான பட்டன் வைத்த சேற்று டயர் நான்கும் புதிதாகப் போட்டேன். இன்ஜின் காற்று இழுக்கும் குழாயை, சேறும் தண்ணீரும் புகாதபடி கைப்பிடி உயரத்துக்கு ஏற்றினேன். முன்னால், மாட்டிக்கொண்டால் வண்டியை இழுத்தெடுக்க, கம்பிவடம் சுற்றிய வின்ச். பின்னால் அவளுக்குச் சாய்மானத்தோடு ஒரு இருக்கை, இடுப்புக்குப் பெல்ட். வண்டிப் பெட்டியில் பதினான்கு சாமான்கள். பதினைந்தாவதாக, வடம் அறுக்காமலிருக்க மரத்தில் சுற்றுகிற அகலமான நாடாப் பட்டை ஒன்றையும் கடைக்காரர் எடுத்துக் காட்டினார். எண்ணூற்றைம்பது ரூபாய். வடம் இருக்கும்போது பட்டை எதற்கு என்று வேண்டாம் என்றுவிட்டேன்.

முதல் மழை விழுந்து அன்று பத்தாம் நாள். விடியும்போதே பூவின் வாசம் வீடு வரை வந்துவிட்டது. அவளே சேலை மாற்றிக்கொண்டு வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

தோட்டத்துக்கு இருநூறு மீட்டர் இருக்கும்போது பாதை ஒரு ஊற்றுப் பள்ளத்தில் இறங்கும். முழங்கால் அளவு களிமண் சேறு, நாற்பது அடி நீளம். முதல் கியரில், ஒரே சீராக, வண்டி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பாதி தூரத்தில் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மீதி எவ்வளவு ஆழம் என்று தெரியவில்லையே! வண்டியை நிறுத்தி, வண்டியில் செருகியிருந்த அளவுக் கம்பை எடுத்துச் சேற்றில் விட்டுப் பார்த்தேன். பதினெட்டு அங்குலம்.

"ஏனுங்க நிறுத்துனீங்க? போயிட்டுத்தானுங்களே இருந்துது?" என்றாள் பின்னாலிருந்து.

திரும்ப முறுக்கியபோது நான்கு சக்கரமும் நின்ற இடத்திலேயே சுழன்றன. பட்டன்களில் களிமண் அப்பி டயர் வழவழவென்று ஆகிவிட்டது. அச்சு வரை புதைந்தோம். மேலே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. அவளால் அந்தச் சேற்றில் ஓரடி எடுத்துவைக்க முடியாது. இறங்கித் தூக்க என்னாலும் முடியாது.

வேலியோரத்தில் ஒரு சில்வர் ஓக் மரம் நின்றது. வடத்தை இழுத்துப்போய் அதில் சுற்றிக் கொக்கியை மாட்டி வின்ச்சைப் போட்டேன். வண்டி ஓரடி நகர்ந்தது. பிறகு 'சடக்'கென்று ஒரு சத்தம். மரத்தைச் சுற்றி ஏறியிருந்த மிளகுக் கொடியை, கட்டைவிரலைவிடத் தடித்த அடித்தண்டோடு, கம்பிவடம் அறுத்துவிட்டிருந்தது. எங்கள் பக்கத்தில் நிழல் மரம் இருந்தால் அதில் மிளகு இருக்கும். அது எனக்குத் தெரியாததல்ல. பதற்றத்தில் மரத்தை மட்டும் பார்த்தேன்.

சத்தம் கேட்டு அந்தத் தோட்டத்துக்கார அம்மாள் அரிவாளோடு இறங்கி வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கொடியைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார்.

"வண்டிக்கு மூக்கெல்லாம் வெச்சிருக்கீங்க. ஓட்டறவரு கண்ணை ஊட்லயே வெச்சுட்டு வந்துட்டாருங்களாட்ட."

நான் வின்ச்சை அணைத்தேன். அவர் அதற்குள் என் மனைவியிடம் திரும்பிவிட்டார். "அக்கா, எங்கீங்க இந்தச் சேத்துல?"

"பூப் பாக்கப் போறனுங்க. நாலு வருசமாச்சு," என்றாள் அவள்.

அந்த அம்மாள் ஒரு முறை வானத்தை அண்ணாந்து பார்த்தார். அதன் பிறகு கொடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"டயர்ல காத்து எவ்ளோங்க?"

"ஏழு பவுண்டு. புத்தகத்துல போட்டிருக்கிற அளவு, அம்மணி."

"பாதியா எறக்குங்க. எங்கூட்டுக்காரரு எஸ்டேட் ஜீப் ஓட்டறவரு. சேத்துல மாட்டுனா மொதல்ல அதத்தான் செய்வாரு."

"பம்பு இல்லீங்களே. திரும்ப எப்படி அடிக்கிறது?"

"அக்கா, எப்பவுமே இப்படித்தானுங்களா?"

"நாப்பத்தாறு வருசமா," என்றாள் என் மனைவி. இருவரும் சிரித்தார்கள்.

காற்றை இறக்கினேன். டயர் தட்டையாகப் பரவியது. அந்த அம்மாள் கவாத்து வெட்டிக் குவித்திருந்த காபிக் கிளைகளை ஒன்பது கட்டு தூக்கி வந்து, சேற்றில் இறங்கி, சக்கரங்களுக்கு முன்னால் குறுக்கே அடுக்கினார். இடுப்பு வரை சேறு தெறித்தது.

"ஒரே சீராப் போங்க. நடுவுல கம்ப எடுத்தீங்கன்னா அக்காவ எங்கூட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவேன், பாத்துக்குங்க."

வண்டி ஒரு குலுக்கு குலுக்கி ஏறிவிட்டது.

கிணற்றோரத்து மூன்று வரிசையும் தூய வெள்ளையாக நின்றன. கிளையே தெரியவில்லை. தேனீக்கள் இரைந்தன. அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கி, ஒரு செடிக்குள் முகத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு பூவைக்கூடப் பறிக்கவில்லை. ஒரு பூ ஒரு பழம் என்பது அவள் கணக்கு. தானாக உதிர்ந்து கிடந்த ஒன்றை எடுத்து என் சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் போட்டாள். இருபத்தாறு நிமிடம் இருந்தோம். முதல் தூறல் விழுந்ததும் திரும்பினோம்.

திரும்பும்போது அந்த அம்மாள் மரத்தடியிலேயே இருந்தார். அறுந்த கொடியைக் கணுக் கணுவாக நறுக்கி, ஈரச் சாக்கில் அடுக்கிக்கொண்டிருந்தார். பதியம் போடலாமாம்.

நான் வழியெல்லாம் கணக்குப் போட்டிருந்தேன். "வருசத்துக்கு ரெண்டு கிலோ காஞ்ச மிளகு, கிலோ அறுநூறு, புதுக் கொடி காய்ப்புக்கு வர்ற வரைக்கும் நாலு வருசம். நாலாயிரத்து எண்ணூறு ஆகுது, அம்மணி. தந்துடறேன்."

"ஒண்ணும் வேண்டாமுங்க. போங்க, மழ வருது."

"இல்லீங்க, அது சரியில்ல," என்று அங்கேயே நின்றேன். வண்டியை எடுக்கவில்லை. தூறல் பலத்தது. பின்னால் அவள் நனைகிறாள் என்பதுகூட உறைக்கவில்லை. சும்மா மன்னிக்கப்பட்டு வீட்டுக்குப் போனால் எனக்கு எத்தனை இரவு தூக்கம் போகும் என்று எனக்குத்தான் தெரியும்.

அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். பிறகு சந்தை வியாபாரி மாதிரி இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "சரிங்க. அந்தக் கொடி எறநூறு ரூவா. நம்மகிட்டப் பேரமெல்லாம் கெடையாது. குடுங்க, கெளம்புங்க," என்று சேற்றுக் கையை நீட்டினார்.

அதற்குப் பிறகு அந்த நாடாப் பட்டையையும் ஒரு பம்பையும் வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டேன். சாமான்கள் இப்போது பதினாறு. இந்த வருடம் அவர் பதியம் போட்ட கொடிகள் அந்த மரத்தில் என் தோள் உயரத்துக்கு ஏறியிருப்பதை என் மனைவியும் போகும்போதெல்லாம் பார்க்கிறாள். என்னைப் போன்ற ஒருவனுக்குச் சும்மா கிடைக்கிற மன்னிப்பு பாரமாகிவிடும் என்று ஒரே பார்வையில் புரிந்துகொண்டு, நான் கொடுத்துத் தீர்க்கும்படி ஒரு விலையும் சொன்ன அந்த மனசை எந்தக் கணக்கில் எழுதுவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு எனக்கு ஆன செலவு, எல்லாம் சேர்த்து, இருநூறு ரூபாய்.