பாச்சாங் காரும் புலாவ் செபாங் காரும்

பாச்சாங்கில் பார்த்த கார் எனக்குப் பிடித்தது. புலாவ் செபாங் கார் என் வீட்டுக்காரருக்குப் பார்க்காமலே பிடித்துவிட்டது. காரணம் கேட்டால், "அது மேனுவல். ஆட்டோ கியர்லாம் காரா?" என்றார். என்னிடம் இருப்பது ஆட்டோ கியர் ஓட்டுகிற லைசென்ஸ் மட்டும்தான் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் சொல்கிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் பழைய கார் அலோர் காஜா சந்தைக்குப் பக்கத்தில் நின்றது நின்றதுதான். பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோக ஒரு வண்டி வேண்டும். அவர் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவர். விடியுமுன் எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய் வேலைக்குப் போகும் பெண்களை ஏற்ற வேண்டும். அதனால் காலையில் பிள்ளைகளுக்கு நான்தான். ஆட்டோ கியர் கார் வாங்க இதைவிட என்ன நியாயம் வேண்டும்?

பாச்சாங் காரை விற்றவர் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா, வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். "சேர்ச்சுக்கும் கடைக்கும்தான் ஓடினது பிள்ளை," என்றார். கூரையில் பெயிண்ட் உரிந்திருந்தது. நான் ஓட்டிப் பார்த்தபோது கியர் மாறுகையில் லேசாக ஒரு உதறல். மற்றபடி உள்ளே சோப்பு வாசம் அடித்தது, ஏர்கோன் குளுகுளுவென்று இருந்தது. என் வீட்டுக்காரர் ஓட்டிப் பார்க்கவே இல்லை. அந்த உதறலைப் பிடித்துக்கொண்டு, "கியர்பாக்ஸ் போச்சு. வா போலாம்," என்று நடந்துவிட்டார். அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

புலாவ் செபாங்குக்கு பஸ்ஸில் போகும் வழியெல்லாம் நான் பேசவில்லை. என் வாய் சும்மா இருந்தால் விபரீதம் என்று அவருக்குத் தெரியும்.

இரண்டாவது காரின் சொந்தக்காரர் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிற இளவயசுக்காரர். பொய் சொல்லக்கூடாது, நல்ல கார். இன்ஜினில் ஒரு சொட்டு எண்ணெய்க் கசிவு இல்லை. டயர்கள் புதுசு. குறை சொல்ல ஏதாவது கிடைக்காதா என்று கதவைத் திறந்து திறந்து சாத்தினேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

"ஓட்டிப் பாருங்கண்ணே," என்று சாவியைக் கொடுத்து, அந்தத் தம்பி அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பின்னால். செம்பனைகளுக்கு நடுவே நேரான ரோடு. கியர் போடும் அழகைக் காட்டத்தான் ஓட்டினார் என்று நினைக்கிறேன். நன்றாகத்தான் ஓட்டினார்.

இடது பக்க மண்பாதையிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. மெதுவாகத்தான் வந்தது. நான் பின் சீட்டிலிருந்தே பார்த்துவிட்டேன். அவர் வேகத்தைக் குறைக்கவில்லை.

"அண்ணே, மோட்டார்! மோட்டார்!"

கார் கிறீச்சிட்டு நின்றது. மோட்டார்காரர் காரின் இடது மூலையை ஒட்டிக் காலை ஊன்றி, திட்டிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் கேட்டார்:

"எங்க?"

கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். இத்தனை பக்கத்தில் நிற்கிற ஆளை அவர் தேடிக்கொண்டிருந்தார். தலையை இடது பக்கம் முழுசாகத் திருப்பிய பிறகுதான் கண்டுபிடித்தார்.

"பிரேக் பாத்தீங்களாண்ணே? கல்லு மாதிரி நிக்குதுலா," என்று அந்தத் தம்பி சிரித்தார்.

தன் வீட்டு வாசலுக்குத் திரும்பியதும் அந்தத் தம்பி காரின் பத்திரத்தை எடுத்து வர உள்ளே போனார். நான் என் வீட்டுக்காரருக்கு இடப்பக்கம் நின்று, அவர் முகத்தின் ஓரத்தில் கையைத் தூக்கி ஆட்டினேன். அவர் அசையவில்லை. இன்னும் ஆட்டினேன். பிறகு கையால் தோளைத் தொட்டதும் திடுக்கிட்டார்.

"எப்ப இருந்து?"

"என்ன எப்ப இருந்து?"

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்காதீங்க. டாக்டர் என்ன சொன்னாரு?"

அவருக்கு இருந்த இனிப்புநீர், அந்தச் சர்க்கரை வியாதிதான், கண்ணுக்குப் போய்விட்டது. வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் போன தடவையே சொல்லிவிட்டாராம். அதற்குப் பிறகும் தினமும் பஸ்ஸை எடுத்திருக்கிறார்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "அந்த பஸ்ல ஏறுற பொம்பளைங்களுக்கும் வீட்டுல பிள்ளைங்க இருக்குங்க," என்றேன். "நான் அதுல ஏறுனா, என்னையும் வச்சுத்தான் ஓட்டுவீங்களா?"

அவர் கார் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"கண்ணு இப்படி இருக்கறப்ப மேனுவல் எதுக்குங்க?"

"ஆட்டோன்னா எங்க போனாலும் நீயே ஓட்டுவ, நான் ஏன் ஓட்டலன்னு எல்லாரும் கேப்பாங்க," என்றார். "யாரும் கேக்காம இருக்கணும்னு பாத்தேன். வேற ஒண்ணும் தெரியாதுலா எனக்கு, ஓட்டறதத் தவிர."

ஆட்டோ கியரை மட்டம் தட்டியதெல்லாம் இதற்குத்தான்.

அந்தத் தம்பி பத்திரத்தோடு வந்தார். "எடுத்துக்கிறீங்களாண்ணே?"

"இல்ல தம்பி. இவங்கதான் ஓட்டணும். இவங்களுக்கு மேனுவல் லைசென்ஸ் இல்ல," என்றார் என் வீட்டுக்காரர்.

"அப்ப நீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். நான் அவருக்காகப் பதில் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். ஆனால் அது அவர் சொல்ல வேண்டியது.

கைப்பேசியை எடுத்து, எங்கள் இருவருக்கும் முன்னாலேயே பஸ் கம்பெனி மேலாளரைக் கூப்பிட்டார். "நாளைக்குக் காலையில எஸ்டேட் ரூட்டுக்கு வேற டிரைவரப் போடுங்கண்ணே," என்றார். "காய்ச்சல் இல்லண்ணே. கண்ணு." எத்தனை நாளைக்கு லீவு என்று அந்தப் பக்கம் கேட்டது எனக்கே கேட்டது.

"லீவு இல்லண்ணே," என்றார். "இனிமே நான் ஓட்ட மாட்டேன்."